அதிகாரமும் அணுவிரதமும்

இரவு உண்ணாமை, நீரை வடிகட்டிப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல் ஆகியவற்றை நம் குடும்பங்களில் குழந்தைகள் இளமையிலேயே கற்றுக்கொள்கின்றனர். அடுப்பில் வைக்குமுன் விறகைத் தட்டிப் பார்த்த பாட்டியரை நம்மில் பலர் கண்டிருப்போம். விளக்கில் விழும் பூச்சிக்கு இரங்குவது நமக்கு இயல்பாகிவிட்டது. இது நம் முன்னோர் தந்த பெருஞ்செல்வம்.

ஆயினும், நாள்தோறும் எட்டு மணி, பத்து மணி நேரம் நாம் கழிக்கின்ற அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆலையிலும் கடையிலும் நம் அகிம்சை என்ன ஆகிறது? அங்கே நமக்குக் கீழே சிலர் பணிபுரிகின்றனர். நமக்கு மேலே சிலர் இருக்கின்றனர். ஒருவர் சொல்லும் ஒரு சொல்லால் மற்றவர் வாழ்வு உயரவும் கூடும், தாழவும் கூடும். அந்த அதிகாரம் அணுவிரதத்திற்கு உட்பட்டதா? அன்றி, விரதம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறதா? நம் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டே இவ்வினாவை ஆராய விரும்புகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தமாக நாம் இராசபாளையத்தில் குடியிருந்தோம். 1936ஆம் ஆண்டில் இராசபாளையம் மில்ஸ் தொடங்கப்பெற்ற ஊர் அது. நூலும் துணியுமே அவ்வட்டாரத்தின் பிழைப்பு. அடுத்துள்ள செட்டியார்பட்டி, தளவாய்புரம் போன்ற ஊர்களின் தெருக்களில் நடந்தால் தறியோசையும் தையல் இயந்திர ஓசையும் காதில் விழும். நாம் கணக்கு எழுதிவந்த நிறுவனத்திற்குச் செட்டியார்பட்டியில் ஒரு தையற்கூடம் இருந்தது. ஏறத்தாழ முப்பது பெண்கள் வரிசையாக அமர்ந்து நைட்டி தைப்பர். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வாரம் முழுவதும் தவறாது வந்தால் சனிக்கிழமையன்று சிறிது ஊக்கத்தொகையும் உண்டு. குடிநீர்ப் பானை மேற்பார்வையாளரின் அறைக்குள் இருந்தது. தண்ணீர் வேண்டுவோர் எழுந்து சென்று அவரிடம் கேட்டே பருக வேண்டும்.

ஒரு சித்திரை மாதம். வெளியூர் வியாபாரிக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய நெருக்கடி. காலை வேளையிலேயே ஒரு பெண்மணி மூன்றாம் முறையாக எழுந்தார். "தண்ணி குடிக்க வந்தியா, தைக்க வந்தியா?" என்று அனைவர் முன்னிலையிலும் கேட்டார் மேற்பார்வையாளர். "தண்ணி குடிச்சாத்தானே அண்ணாச்சி தைக்க முடியும்?" என்றார் அவர். இந்த ஒரு மறுமொழிக்காக அவருடைய அவ்வார ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டது. மேற்பார்வையாளர் துண்டுச் சீட்டில் எழுதினார், மேலாளர் கையொப்பமிட்டார், சீட்டு நம் மேசைக்கு வந்தது, நாம் பேரேட்டில் பதிந்தோம். அடுத்த திங்கட்கிழமை முதல் அப்பெண்மணி வேலைக்கு வரவில்லை.

நம் மனம் அமைதி கொள்ளாமையால் பின்னர் ஒவ்வொருவரையும் வினவினோம். "சரக்கு குறித்த நாளில் போக வேண்டும் என்றுதான் சொன்னேன்; தண்ணீர் கொடுக்காதே என்று நான் சொல்லவில்லையே" என்றார் உரிமையாளர். "மேலே இருந்து நெருக்கினார்கள்" என்றார் மேற்பார்வையாளர். "அவர் எழுதியதை நான் மாற்றினால் கட்டுப்பாடு கெடும்" என்றார் மேலாளர். யார் யார் எத்தனை முறை எழுந்தனர் என்பதை நாள்தோறும் மேற்பார்வையாளரிடம் சொல்லி, மின்விசிறியின் கீழ் இடம் பெற்றிருந்த மற்றொரு பெண்மணியோ, "கேட்டார்கள், சொன்னேன்" என்றார். நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட விடை, "கணக்கு எழுதுவது மட்டுமே நம் வேலை" என்பதாகும். ஐவர் சேர்ந்து ஓர் ஏழையின் ஒரு வாரத் தொகையைப் பறித்திருந்தோம். ஆனால் ஐவரில் ஒருவரும் அதைச் செய்ததாக ஒப்பவில்லை.

நிறுவனங்களில் அதிகாரம் செயற்படும் முறை இதுவேயாகும். தனி ஒருவன் பிறனை நேரில் அடித்தால் அவன் கை அவனுக்கே சாட்சி. நிறுவனத்திலோ ஒரு செயல் பல கைகளில் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது. ஆணையிடுபவர் விளைவைக் காண்பதில்லை. விளைவைக் காண்பவர் ஆணையிட்டவர் அல்லர். இடையில் உள்ளவர்க்குக் காகிதம் மட்டுமே தெரிகிறது. ஆகவே எவர் மனத்தையும் அது உறுத்துவதில்லை.

நம் அறநூல்கள் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. வினை மூன்று வழிகளில் வந்து சேரும் என்பது ஜினாகமம்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். கிருதம், காரிதம், அனுமோதனம் என்று இவற்றைக் கூறுவர். துறவியர்க்கு மட்டும் உரிய நுட்பம் இது என்று கருதுதல் வேண்டா. இல்லறத்தாரின் அகிம்சை அணுவிரதத்தை வரையறுக்கும்போதே சமந்தபத்திராசாரியார் இம்மூன்றையும் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் வைத்தார்.

செய்வித்தல் என்னும் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருவது கழுகுமலை. செட்டியார்பட்டிக்குத் தென்கிழக்கே உள்ள அம்மலைக்கு நாம் விடுமுறை நாட்களில் குடும்பத்துடன் சென்று வணங்குவதுண்டு. எட்டாம் நூற்றாண்டு முதல் அங்குப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பட்டன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருப்பவை செய்வித்தவர்களின் பெயர்கள். அவர்கள் உளியைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. எனினும் புண்ணியம் அவர்களுடையது என்று கல்லே சான்று பகர்கின்றது. நாமும் அதை மனமுவந்து ஏற்கிறோம். செய்வித்த திருமேனியின் நற்பயன் செய்வித்தவரைச் சாருமாயின், செய்வித்த கொடுமையின் தீப்பயன் மட்டும் வேறு எவரைச் சாரும்? நம் பெயரால், நம் கையொப்பத்தால் நடப்பவற்றுள் நல்லனவற்றை மட்டும் நம் கணக்கில் எழுதிக்கொள்ள இயலாது.

இனி, பணியிடத்தில் இம்சை என்று எதனைச் சொல்வது? அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உமாஸ்வாமி தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் கூறியுள்ளார். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. வண்டி மாட்டிற்குச் சொன்னவை என்று எண்ணி நாம் விரைவாகப் படித்துச் சென்றுவிடுகிறோம். ஒரு தறிக்கூடத்தின் வாயிலில் நின்று மறுபடியும் படித்துப் பார்ப்போம். முன்பணம் கொடுத்து, அது தீரும்வரை வேறிடம் செல்ல ஒட்டாமல் வைத்திருப்பதும், அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைப்பதும் கட்டுதலே. பலர் முன்னிலையில் சொல்லால் சுடுவது அடித்தலுக்குக் குறைந்ததன்று. காப்புத் தகடு இல்லாத இயந்திரத்தில் ஒருவரை அமர்த்தி, விரல் போன பின் விதியை நோவது உறுப்பறுத்தல். இருவர் வேலையை ஒருவர் தலையில் சுமத்துவது மிகைபாரம். கூலியை நிறுத்துவது உணவைத் தடுத்தல். நீரைத் தடுத்தலுக்கு நாம் உவமை தேட வேண்டியதில்லை. செட்டியார்பட்டிக் கூடத்தில் பானை அறைக்குள் இருந்தது.

"தொழிலில் இவை தவிர்க்க இயலாதவை, இல்லறத்தார்க்கு உத்தியோகி இம்சை விலக்கப்படவில்லையே" என்று சிலர் வினவலாம். நல்ல வினாவே. உழுபவன் ஏர்முனையில் சிற்றுயிர்கள் மடிகின்றன. அவற்றை அறவே தவிர்த்து உழவு செய்ய இயலாது. தொழிலின் இயல்பிலேயே அடங்கிய அத்தகைய இம்சையைத்தான் ஆசாரியர்கள் உத்தியோகி என்று பிரித்துக் காட்டினர். தாகத்தால் எழுந்தவரை நிறுத்துவது தையல் தொழிலின் இயல்பில் அடங்கியதன்று. பானையை நான்கு அடி தள்ளி வெளியே வைத்தால் ஒரு நைட்டியும் குறையாது. ஆகவே அது தொழிலால் நேர்ந்த இம்சையன்று. மானம் என்னும் கஷாயத்தால் நேர்ந்தது. "என்னைக் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்" என்னும் எண்ணத்திற்காகவே பானை அறைக்குள் இருந்தது.

கட்டுப்பாடே வேண்டா என்று நாம் கூறவில்லை. குறித்த நேரத்தில் வருதல், ஒப்புக்கொண்ட வேலையை முடித்தல், பிழை நேர்ந்தால் திருத்துதல் ஆகியவை இன்றி எந்நிறுவனமும் நில்லாது. முப்பது குடும்பங்களின் உணவும் அதனால் கெடும். ஆணையிடுவதற்கு ஒருவர் வேண்டும். அந்த ஆணை வேலைக்காக இடப்படுகிறதா, ஆணையிடுபவரின் பெருமைக்காக இடப்படுகிறதா என்பதை அவர் தம் நெஞ்சையே கேட்டு அறிய வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தின் வரலாறு நமக்கு வழி காட்டும். அகமதாபாத் சாராபாய் குடும்பத்தில் 1885இல் பிறந்தவர் அனசூயாபென். மருத்துவம் பயில 1912இல் இங்கிலாந்து சென்ற அவர், உயிரினங்களை அறுத்துப் பயில வேண்டியிருந்தமையால் அப்படிப்பையே கைவிட்டார். தாயகம் திரும்பிய பின், முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து வேலை செய்துவிட்டுச் சோர்ந்து வந்த ஆலைப் பெண்களைக் கண்டார். சிற்றுயிர்க்கு இரங்கிய அதே நெஞ்சம் அவர்கட்கும் இரங்கியது. 1918இல் பிளேக் காலத்து ஊக்கத்தொகை நிறுத்தப்பட்டபோது, ஆலை உரிமையாளர்களின் தலைவராக நின்றவர் அவருடைய உடன்பிறந்த அம்பாலால் சாராபாய். தமக்கையோ தொழிலாளர் பக்கம் நின்றார். உரிமையாளர் தர முன்வந்தது நூற்றுக்கு 20. காந்தியடிகள் ஆராய்ந்து தகும் என்றது நூற்றுக்கு 35. அடிகள் மூன்று நாள் உண்ணாநோன்பிருந்த பின் வழக்கு நடுவரிடம் விடப்பட்டது. நடுவர் 35 விழுக்காட்டையே வழங்கினார். வழக்குகளை நடுவர் வழியே தீர்க்கும் நெறி கொண்ட மஜூர் மகாஜன் சங்கமும் 1920இல் அங்கே தோன்றியது. தம் குடும்பத்தார் செய்வதாயினும் அனுமோதனம் செய்யாது நிற்றல் எப்படி என்பதை அனசூயாபென் காட்டினார். அகிம்சை என்பது வாய்மூடிப் பொறுத்திருத்தல் அன்று என்பதும் இதனால் விளங்கும்.

துறவியர் சங்கங்களில்கூடப் பிணக்குகள் எழாமலில்லை. வந்தவாசியை அடுத்த வேடலில், முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஐந்நூற்றுவர்க்கும் நானூற்றுவர்க்கும் இடையே அங்குப் பிணக்கு மூண்டபோது, கனகவீரக் குரத்தியாரையும் அவரைச் சார்ந்த மாணாக்கியரையும் காத்து உணவளிப்போம் என்று ஊரார் உறுதி கூறியதை அக்கல்வெட்டு தெரிவிக்கின்றது. "இது சங்கத்தார் வழக்கு, நமக்கென்ன?" என்று ஊரார் விலகிச் செல்லவில்லை. பெரியவர்கள் பூசலில் எளியவர் பட்டினி கிடக்கக் கூடாது என்பதே அவர்கட்கு முதற்கடனாகத் தோன்றியது. அருகில் இருப்போர் கடமை எது என்பதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முற்பட்ட நம் சான்று அது.

இன்று சட்டமும் சிறிது சிறிதாக இவ்வழியில் வருகின்றது. துணிக்கடைகளில் நாள் முழுவதும் நின்றே வேலை செய்வோர்க்கு இருக்கை தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் தமிழக சட்டமன்றம் 1947ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. ஒரு முக்காலி போடுவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் நமக்கு நாணம் உண்டாகிறது. விரதம் பூண்டோர் சட்டம் வரும்வரை காத்திருந்திருக்க வேண்டுமா?

அதிகாரத்தில் உள்ள நம்மவர் மூன்றினைக் கடைப்பிடித்தல் நலம். தண்டிக்கும் முன் மறுபக்கத்தைக் கேட்டல். ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்னும் அநேகாந்தம் சொற்பொழிவுக்கு மட்டும் உரியதன்று. பிழையைத் தனியே அழைத்துச் சொல்லுதல். நம் பெயரால் கீழே நடப்பதை நேரில் சென்று காணுதல். அதிகாரம் இல்லாதவர்க்கும் கடமை உண்டு. மேலிடத்தின் தயவுக்காகப் பிறரைக் கோள் சொல்லாதிருத்தலும், தவறான சீட்டு நம் மேசைக்கு வரும்போது "இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்" என்று பணிவோடு சொல்லுதலும் எளியவர்க்கும் இயலும். அதற்கு ஒரு விலை நேரலாம். விலையே இல்லாத விரதம் ஏது?

தசலட்சண பர்வத்தின் இரண்டாம் நாளில் உத்தம மார்தவம் பற்றிக் கேட்கிறோம். பர்வம் முடிந்ததும் க்ஷமாவணி நாளில் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கிறோம். செட்டியார்பட்டி நிகழ்ச்சி நடந்த அவ்வாண்டிலும் உறவினர் பலர்க்கும் நாம் க்ஷமாவணி மடல் எழுதினோம். தண்ணீர் கேட்டு எழுந்த அப்பெண்மணிக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஊரும் வீடும் அறிந்திருந்தும் செல்லவில்லை. நம் கையெழுத்தில் பேரேட்டில் ஏறிய அந்த ஒரு வரி இன்றும் நம் நினைவில் உள்ளது. இவ்வாண்டு மடல் எழுத அமரும் அன்பர்கள், உறவினர் பெயர்களோடு, தமக்குக் கீழே பணிபுரியும் ஒருவர் பெயரையும் எண்ணிப் பார்ப்பார்களாக. அவர்க்கு மடல் வேண்டா. நேரில் சென்று சொன்னால் போதும். சொல்லிவிட்டு, பானையை வெளியே எடுத்து வைப்போமாக.