எண்ணப்பட்ட கொசுக்களும் எண்ணப்படாத மனிதரும்

நோய் பரப்பும் உயிரியை அழிப்பது அறமா என்று கேட்டால், தயங்காமல் 'ஆம்' என்போம். காய்ச்சலில் குழந்தை துடிக்கும்போது கொசுவுக்காக வாதாட எவரும் முன்வருவதில்லை. ஆயினும், அழித்தபின் நம் கடமை முடிந்துவிடுகிறதா? மலைநாடாகிய நேபாளத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

அந்நாட்டின் தெற்கே, இமயத்தின் அடிவாரத்தில் தராய் என்னும் சமவெளி நீண்டு கிடக்கிறது. முன்பு அது அடர்ந்த காடு, மலேரியாவின் உறைவிடம். மழைக்காலத்தில் மலைவாழ் மக்கள் அங்கு ஓர் இரவு தங்கவும் அஞ்சினர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த தாரு இனத்தவரோ அந்நோயை ஓரளவு தாங்கும் இயல்பைப் பெற்றிருந்தனர்.

1950களில் கொசு ஒழிப்புப் பணி தொடங்கியது. உலகில் ஏறத்தாழ 3,500 கொசு இனங்கள் உண்டு. அவற்றுள் மனிதருக்கு மலேரியாவைப் பரப்புபவை அனாபிலிஸ் வகையைச் சேர்ந்த சிலவே. எது தீங்கு செய்வது, எது செய்யாதது எனப் பிரித்தறிவதே கணக்கெடுப்பின் பயன். அடிவாரக் காடுகளில் நோயைப் பெரிதும் பரப்பியது அனாபிலிஸ் மினிமஸ். தெளிந்த ஓடைகளின் புல் மண்டிய ஓரங்களில் பெருகி, வீட்டுச் சுவர்களில் அது இளைப்பாறும். 1958இல் மலேரியா ஒழிப்புக்கெனத் தனி அமைப்பு நிறுவப்பட்டது. சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட, அவ்வினம் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. இது நன்மையே; இதில் ஐயமில்லை.

ஆனால், காய்ச்சல் நீங்கியதும் மலையிலிருந்து மக்கள் திரள்திரளாக இறங்கினர். காடுகள் வயல்களாயின. நிலத்துக்குப் பத்திரம் இல்லாத தாரு மக்கள் பலர் தம் மண்ணை இழந்தனர். மேற்குத் தராயில் பல குடும்பங்கள் 'கமையா' என்னும் கொத்தடிமை முறையில் சிக்கின. 2000ஆம் ஆண்டில்தான் அரசு அம்முறையை ஒழித்தது. கொடிய நோயே எளியோரின் நிலத்துக்கு வேலியாகவும் இருந்திருக்கிறது! வேலியை அகற்றியோர், உள்ளே இருந்தவர்களுக்கு வேறு காவல் அமைக்கவில்லை. கொசுவின் இயல்பை நுணுகி ஆராய்ந்த அக்காலம், மனிதரின் பேராசையைக் கணக்கில் கொள்ளத் தவறியது.

இன்று அந்நாட்டில் வேறொரு கொசு எண்ணப்படுகிறது. 2004இல் அங்கு டெங்கு முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் ஏடிஸ் எகிப்தி கொசு 2006இல் பதிவாயிற்று. 2022இல் 54,000 பேருக்கு மேல் நோயுற்றனர். 88 பேர் இறந்தனர். குளிர்ந்த மலைநகர்களும் தப்பவில்லை. இக்கொசு பழைய டயர்களிலும் தண்ணீர்ப் பீப்பாய்களிலும் வளர்கிறது. குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத வீடுதானே பீப்பாயில் தேக்கி வைக்கிறது?

ஆகவே, கொசுப்புழுவைத் தேடிப் பீப்பாய்க்குள் குனிபவர், அதை வைத்திருக்கும் தாயின் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கட்டும். ஒரு தீமையை அகற்றும் கைக்கு, அதன்பின் வருவதைக் காணும் கண்ணும் வேண்டும். அந்தக் கண் இல்லாத நன்மை, பாதி நன்மையே.