நிறம் மாறுதல் குற்றமோ?



ஒருவனை இழித்துரைக்க வேண்டின் அவனைப் பச்சோந்தி என்கிறோம். இடத்திற்கேற்ப நிறம் மாற்றுகிறவன், ஆதலால் நம்பத்தகாதவன் என்பது அதன் கருத்து. இச்சொல்லை நானும் பிரசங்க மேடைகளில் பலமுறை வீசியிருக்கிறேன், கேட்டவர்கள் கைதட்டியுமிருக்கிறார்கள். சென்ற ஐப்பசி மாதத்தில் என் தங்கை மகன் வீட்டு மீன் தொட்டியின் முன் உட்கார்ந்து எழுந்த பின்பு அச்சொல்லை எடுக்க நாக்கூசுகிறது.

மருமகன் ஆண்டர்சன்பேட்டையில் குடியிருப்பவன். விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, வேலை முடித்து இரவில் திரும்புகிறவன். 2001ஆம் ஆண்டு சுரங்கங்கள் மூடப்பட்ட பின்பு தங்கவயலின் பிள்ளைகள் பலருக்கு இதுவே பிழைப்பாயிற்று. களைத்து வந்து அரைமணி நேரமேனும் அழகான ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். வண்ணமீன் வியாபாரத்திற்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூருக்குப் போய் ஐந்து டிஸ்கஸ் மீன்களைப் பைகளில் நீரோடு கொண்டுவந்தான்.

டிஸ்கஸ் என்பது தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்தாற்போல் வட்டமும் தட்டையுமான மீன். தென்னமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் படுகைக்கு உரிய இனம். 1840ஆம் ஆண்டில் ஆஸ்திரியரான ஹெக்கல் என்பார் இதனை விவரித்துப் பெயரிட்டார். கேரளத்துக் காயல்களில் வாழும் கரிமீனும் பள்ளத்தியும் இதற்குத் தூரத்து உறவு என்று அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது. இதன் உடம்பில் மேலிருந்து கீழாக ஒன்பது பட்டைகள் உண்டு. மீன் சுகமாயிருக்கையில் அவை மங்கிக் கிடக்கும். அஞ்சினாலோ கரிக்கோடு இழுத்தாற்போல் எழும்பும்.

மூன்றாம் நாள் ஐந்தும் கறுத்துப் போயின. நீலமும் செம்மையும் இருந்த இடம் தெரியவில்லை. அலங்காரத்திற்கென வைத்த மரவேரின் பின்னே ஐந்தும் ஒண்டி நின்றன. இரை போட்டாலும் வரவில்லை. "கடைக்காரன் மோசம் செய்துவிட்டான் மாமா. ஏதோ சாயங்கொடுத்த மீன் போலிருக்கிறது. அதுவும் போகட்டும், சோறு போடுகிறவன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கின்றனவே" என்று நொந்துகொண்டான். வேரை எடுத்துவிட்டால் ஒளிய இடமிராது, வெளியே வந்துதானே ஆகவேண்டும் என்று தொட்டிக்குள் கையை விட்டான். நான் அவன் கையைப் பிடித்துத் தடுத்தேன். எதனால் தடுத்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கே விளங்கவில்லை.

அதன்பின் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். மீனின் தோலில் நிறமணிகள் நிறைந்த நுண்ணறைகள் உள்ளன. அவற்றில் கருநிறம் தாங்கியவை நட்சத்திரம் போலக் கிளை விரித்திருக்கும். கருமணிகள் நடுவில் திரண்டால் மீன் வெளுக்கும். கிளைகளெங்கும் பரவினால் கறுக்கும். இதைச் செய்விப்பவை நரம்பும் இரத்தத்தில் ஓடும் சுரப்புநீர்களும். பிற்காலத்தில் தேனீக்களின் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ், 1911ஆம் ஆண்டளவில் சிறு ஆற்றுமீன்களின் நரம்பை அறுத்து, அறுத்த இடத்திற்கு அப்பாலுள்ள பாகம் கறுப்பதைக் கண்டு இதனை விளக்கினார். அம்மீன்கள் பட்ட துன்பத்தால் நமக்கு வந்த அறிவு இது. அதைச் சொல்லாமல் அறிவை மட்டும் எடுத்துக்கொள்ளுதல் நேர்மையாகாது.

பச்சோந்திக்கும் வருவோம். அது எந்த இலையில் உட்கார்ந்ததோ அந்த இலையின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது என்று சிறுவயதில் கேட்டு நம்பியிருந்தோம். அஃது பெரும்பாலும் தவறு. வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும், பகையையும் காதலையும் தன் இனத்திற்கு உணர்த்தவுமே அது மிகுதியும் நிறம் மாறுகிறது. அதன் தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பளிங்குத் துகள்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்பதை 2015ஆம் ஆண்டு ஜெனீவா நகரத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். பாவம், உள்ளதை உள்ளபடி உரைத்த பிராணியைப் பொய்யர்களுக்கு உவமையாக்கி வைத்தோம்.

பொய்யாவது யாது? பிறரை ஏய்க்கும் எண்ணத்தோடு இல்லாததை உள்ளதாகக் காட்டுவது. எண்ணமே வினை என்று கற்றவர் நாம். தொட்டியில் நின்ற மீனுக்கு என் மருமகனை ஏய்க்கும் எண்ணம் ஏது? கொளத்தூர்க் கடையில் அது காட்டிய நீலமும் மெய். ஆண்டர்சன்பேட்டையில் காட்டிய கறுப்பும் மெய். இடையில் மாறியது தண்ணீர்.

அத்தண்ணீரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பான, உப்பும் சுண்ணமும் குறைந்த மென்னீர் வேண்டும். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரோ சோற்றுப் பானையில் வெள்ளைப் படலம் ஏற்றுகிற கடுநீர். பண்ணையில் பிறந்த மீன் கடுநீருக்கு ஓரளவு பழகிக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் அம்மோனியா மீனுக்குக் கொடிய நஞ்சு. மீனின் கழிவிலிருந்து எழும் அந்நஞ்சை முறித்துத் தீங்கு குறைந்த பொருளாக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். மருமகன் தொட்டி வாங்கிய மறுநாளே மீனை விட்டவன். சோதனைக் குப்பியில் இரண்டு சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது நீர் பச்சையாகத் திரும்பியது; நஞ்சு இருந்தது. ஹீட்டர் இல்லாததால் நீர் 23 டிகிரிக்கு இறங்கியிருந்தது. போதாதற்குத் தொட்டியைத் தெருக்கதவின் அருகே வைத்திருந்தான். போகிற பிள்ளையெல்லாம் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போயிற்று.

இத்தனைக்கும் மீன் செய்யக்கூடியது என்ன? கூவ வாயில்லை, ஓட ஆறில்லை. கறுத்தது, ஒளிந்தது. அவ்வளவுதான் அதனால் இயன்றது. அதையும் நாம் நன்றிகெட்டதனம் என்றோம்.

நான் கையைத் தடுத்த காரணம் இரண்டு நாள் கழித்து உறக்கத்தினிடையே புலப்பட்டது. இளமையில் வேறோர் ஊரில் நூல் மில்லில் வேலை பார்த்தேன். பஞ்சு பிரிக்கும் ப்ளோரூமில் தூசு மார்கழிப் பனி போல நிற்கும். என்னோடு வேலை செய்த ஒருவர், அண்ணன் முறை வைத்து அழைப்பேன், இருமல் வரும்போதெல்லாம் பஞ்சுப் பொதிகளின் பின்னே சென்று இருமிவிட்டு வருவார். இருமல்காரன் என்று தெரிந்தால் மறுநாள் அவ்விடத்தில் வேறொருவன் நிற்பான். ஒருநாள் மேஸ்திரி இதைக் கண்டுகொண்டார். சோம்பேறி ஒளிகிறான் என்று கூறிப் பொதிகளை அங்கிருந்து அகற்றச் சொன்னார். பொதிகளைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதன்பின் அண்ணன் எல்லார் கண்ணெதிரிலும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். இருமல் தோளில் மட்டும் தெரிந்தது. தூசைப் பற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் அன்று தூக்கிய பொதியின் பாரம் இன்னும் கையிலிருக்கிறது.

இதைப் படிக்கும் அன்பர் சிலர், ஜீவகாருண்யம் பேசுகிற நீர் மீனைத் தொட்டியில் அடைப்பதையே கண்டிக்காமல் தண்ணீரின் குணம் பேசுவதேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாங்குமுன் என்னைக் கேட்டிருந்தால் வேண்டாமென்றே சொல்லியிருப்பேன். வாங்கியாயிற்று. பண்ணையில் பிறந்த மீனுக்குத் திரும்பிப் போக அமேசான் இல்லை. பேத்தமங்கலம் ஏரியில் விட்டால் குளிரில் அது சாகும். சாகாத அயல்நாட்டு மீன்களை இப்படி ஏரிகளில் விட்டதனால் நம் நாட்டு மீன்கள் படும் பாடும் தெரிந்ததே. ஓர் உயிரை அதன் நீரிலிருந்து பிரித்தவன் அந்த நீராகத் தானே நிற்கக் கடமைப்பட்டவன் என்பதற்கு மேல் எனக்கு விடை தோன்றவில்லை.

கறுப்புக்கு வேறொரு பொருளுமுண்டு. குஞ்சு பொரித்த டிஸ்கஸ் தாயும் தந்தையும் தாமாகவே உடல் கறுக்கும் என்று வளர்ப்போர் கூறுகின்றனர். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் அக்கருநிறத்தை நாடிச் சென்று பெற்றோரின் தோலில் ஊறும் வழுவழுப்பான சத்தையே பாலாக உண்ணும். பள்ளத்திக் குஞ்சுகளும் இவ்வாறே பெற்றோரின் தோலை மேய்வதுண்டு. 2010ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தார் டிஸ்கஸின் இச்சத்தைச் சோதித்தனர். ஏறக்குறைய மூன்று வாரம் ஆனபின் பெற்றோர் மெல்ல விலகி நீந்திக் குஞ்சுகளைப் பால்மறக்கச் செய்வதையும் கண்டனர். அச்சத்தால் கறுப்பதும் கறுப்பே. அன்பால் கறுப்பதும் கறுப்பே. நிறத்தை மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்லுகிறவன் எதைக் கண்டான்?

இனி என்னை வருத்துகிற செய்திக்கு வருகிறேன். மீன் கறுப்பதை வாங்குவோர் விரும்புவதில்லை. ஆகவே 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் புதிய வகையொன்று வெளிவந்தது; 'பிஜியன் பிளட்', அதாவது புறா இரத்தம் என்று பெயர். அதற்கு அந்த ஒன்பது பட்டைகள் எழும்புவதில்லை. அஞ்சினாலும், நோயுற்றாலும், நஞ்சு நீரில் நின்றாலும் மேனி பழுத்த பழம்போலவே விளங்கும். உலகெங்கும் அதற்கு நல்ல விலை. அதன் பெற்றோர் கறுக்கமாட்டாமையால் குஞ்சுகள் அவற்றை அடையாளங்காண முடியாமல் தடுமாறிப் பட்டினியில் மடிவதுண்டு என்று வளர்த்தவர்களே சொல்லுகின்றனர். மீனின் அச்சம் எங்கும் போய்விடவில்லை. அதைச் சொல்லும் வழியைத்தான் அடைத்தார்கள். பொதிகளை அகற்றிய மேஸ்திரிக்குக்கூட இருமலைக் கேட்கும்படியிருந்தது, இங்கே அதுவுமில்லை.

மருமகன் ஹீட்டர் வாங்கினான். தொட்டியை உள்ளறைக்கு மாற்றி மூன்று பக்கமும் கருங்காகிதம் ஒட்டினான். முதல்நாள் இரவே பிடித்து வைத்த நீரைக் கொண்டு நாள்தோறும் மூன்றிலொரு பங்கு மாற்றினான். வேர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒன்பதாம் நாள் ஒரு மீன் வேரின் முன்னே வந்து நின்றது. பிறகு மற்றும் மூன்று வந்தன. ஐந்தாவது, எல்லாவற்றிலும் சிறியது, பெரியவை துரத்துவதால் இன்னும் பாதி கறுப்பாகவே பின்னால் நிற்கிறது. அதற்கு மட்டும் தனியே இரை போடுகிறான்.

கொளத்தூர்க் கடைக்காரர் தொலைபேசியில், அச்சிறியதைக் கழித்துவிட்டுப் புறா இரத்தத்தில் ஒன்று வாங்கிப் போடும்படியும், அது எந்தத் தண்ணீரிலும் கறுக்காது என்றும் கூறியிருக்கிறார். "என்ன மாமா செய்யட்டும்?" என்று கேட்டான். "தண்ணீர் கெட்டால் அந்த மீன் உனக்கு எப்படிச் சொல்லும்?" என்று கேட்டேன். இரண்டு மாதமாகிறது, அவன் இன்னும் வாங்கவில்லை.