உதவியும் உடந்தையும்



தர்மப் பெட்டியில் காசு போடும்போது நம்மில் பெரும்பாலோர்க்கு எழாத ஒரு கேள்வி உண்டு. ஏழைக்கு நாம் செய்யும் உதவி, அவனை ஏழையாக்கினவனுக்கும் உதவியாக முடியக்கூடுமா? வீண் தர்க்கம் என்று தள்ளிவிட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் நம் திருச்சபையின் குருக்களும் கன்னியர்களும் பொதுநிலையினரும் இந்தக் கேள்வியைக் கூடாரத்தோடும் மாவு மூட்டையோடும் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அவர்கள் கதையை முதலில் சொல்லுகிறேன். நியாயத்தைப் பிறகு பார்ப்போம்.

நெட்டாலின் வடபகுதியில் மரியா ராட்சிட்ஸ் என்றொரு மிஷன் ஸ்தலம் இருக்கிறது. மரியன்ஹில் மடத்துத் துறவிகள் ஏற்படுத்தியது. அதன் நிலத்திலும் சுற்றுப்புறங்களிலும் கறுப்பர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, மாடு மேய்த்து, சோளம் விதைத்துப் பிழைத்து வந்தன. ஆனால் 1913-ம் வருஷத்து நிலச் சட்டம் அந்த நாட்டின் பூமியில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கைத்தான் கறுப்பருக்கென்று ஒதுக்கியது. 1936-ல் அது 13 பங்கு என்று உயர்ந்தது. வெள்ளையர் பகுதி என்று கோடு கிழித்த இடத்துக்குள் கறுப்பர் குடியிருந்தால், சர்க்கார் கணக்கில் அந்த ஊருக்குக் ‘கரும்புள்ளி’ என்று பெயர். குற்றவாளிக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்துவதை நம் முன்னோர் அறிவார்கள். குற்றமே செய்யாத ஒரு முழு ஊருக்குக் குத்தப்பட்ட கரும்புள்ளி இது.

1968 ஜனவரிக் கடைசியில் லாரிகள் வந்தன. வீட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, லைம்ஹில் என்ற வெறும் புல்வெளியில் குடும்பங்களை இறக்கிவிட்டன. அங்கே வீடு இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து முளை அடித்த ஒரு துண்டு நிலமும் ஒரு கூடாரமும்தான். மாடு வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. உழுது பயிரிட நிலம் இல்லை. ஜனவரி மாதம் அந்தப் பக்கத்தில் மழைக்காலம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் பலர் தூரத்துப் பட்டணங்களிலும் சுரங்கங்களிலும் கூலிக்குப் போனவர்கள். கூடாரத்தை நட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளுமே. சில மாதங்களுக்குள் நோய் பரவிக் குழந்தைகள் சாகத் தொடங்கினார்கள்.

அப்பொழுது மரியா ராட்சிட்ஸில் பங்குக் குருவாயிருந்தவர் காஸ்மாஸ் டெஸ்மண்ட் என்ற ஆங்கிலேயர். அர்ச். பிரான்சிஸ்கு சபையைச் சேர்ந்தவர். டர்பனின் அதிமேற்றிராணியாராயிருந்தவர் டெனிஸ் ஹர்லி ஆண்டகை. கத்தோலிக்கரும் பிற சபையாருமாகப் பல கிறிஸ்தவர்கள் உணவும் துணியும் கொண்டு லைம்ஹில்லுக்குப் போனார்கள். கூடாரம் அடிக்கக் கைகொடுத்தார்கள். அதிமேற்றிராணியாரும் அந்தப் புல்வெளிக்குப் போனவரே.

இங்கேதான் சங்கடம். ‘இந்த ஜனங்கள் தாங்களாகவே மனமொப்பி இடம் மாறினார்கள்’ என்பது சர்க்காரின் பேச்சு. கோயில்காரர்கள் கூடாரம் அடித்து, கஞ்சி காய்ச்சி, கம்பளி கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு சாயம் ஏறிவிடுகிறது அல்லவா? ‘பாருங்கள், என்ன குறை? குருவானவரே வந்து குடியேற்றி வைக்கிறார்’ என்று அதிகாரி காட்டலாம். சர்க்கார் செலவழித்திருக்க வேண்டிய பணத்தைக் கோயில் செலவழித்தால், அடுத்த ஊரைக் கிளப்புவதும் அவர்களுக்கு லேசாகிவிடும். சரி, இந்த அக்கிரமத்தில் நாங்கள் கையை நனைக்கமாட்டோம் என்று விலகி நின்றாலோ? அன்றிரவு மழையில் நனைவது அதிகாரியின் பிள்ளை அல்ல.

நல்ல சமாரித்தன் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அதில் கள்வர் ஆரம்பத்திலேயே ஓடிப்போய்விடுகிறார்கள். ஆனபடியால் சமாரித்தனுக்கு வேலை சுலபம்: காயத்தைக் கட்டு, சத்திரத்தில் சேர், காசைக் கொடு. கள்வர் ஓடாமல் அந்த வழியிலேயே சாவடி கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தினம் ஒருவனை அடித்துப் போட்டு, ‘சமாரித்தா, எண்ணெயும் துணியும் தயாராக வைத்துக்கொள், நாளைக் காலை இன்னொருவன் வருவான்’ என்று சொல்லியிருந்தால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்? லைம்ஹில்லில் நடந்தது இது.

பாவத்தில் ஒத்துழைப்பதைப் பற்றி நம் வேத சாஸ்திரிகள் நெடுங்காலமாக ஒரு வித்தியாசம் சொல்லி வருகிறார்கள். தீமை செய்கிறவனுடைய நோக்கத்தையே தன் நோக்கமாகக் கொண்டு அவனுக்குத் துணைபோவது ஒன்று. அது எப்பொழுதும் பாவம். அவனுடைய நோக்கத்தை வெறுத்தும், தான் செய்யும் நல்ல அல்லது வெறும் சாதாரணக் காரியம் அவனுக்கும் பயன்பட்டுப் போவது மற்றொன்று. இது பாவமா இல்லையா என்பது, எவ்வளவு நெருக்கமான துணை, எவ்வளவு கனமான காரணம், அதனால் பிறருக்கு உண்டாகும் இடறல் என்ன என்பவற்றைப் பொறுத்தது. அநியாய வட்டிக்காரனுக்குக் கள்ளப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் குமாஸ்தா முதல் வகை. அவன் வீட்டு வாசலில் பசித்து உட்கார்ந்திருக்கும் கடன்காரனுக்குச் சோறு போடும் அடுத்த வீட்டுக்காரி இரண்டாம் வகையில்கூடச் சேருவாளா என்பது சந்தேகம். அவள் போட்ட சோற்றால் கடன்காரன் உயிரோடிருந்து அந்த வட்டியைக் கட்டுகிறான் என்பது உண்மையே. அதற்காக அவளைக் குற்றம் சொல்லுவோர் யார்?

இந்த அளவுகோலின்படி, லைம்ஹில்லில் கூடாரம் அடித்தவன் குற்றவாளி அல்ல. ஆனால் சாஸ்திரம் இடறலையும் பார்க்கச் சொல்லுகிறது. ஒருவன் கஞ்சி ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டால், அவன் மௌனத்தை ஊரார் சம்மதமென்று எடுத்துக்கொள்ளுவார்கள். கையின் வேலை ஒன்றாகவேயிருக்க, வாய் பேசியதா இல்லையா என்பதனால் அதன் பொருள் மாறிப்போகிறது. நான் பார்த்தவரையில் டெஸ்மண்ட் சுவாமிக்கு இது வெகு தெளிவாயிருந்தது. அவர் கைகொடுத்தார், அதோடு எழுதவும் செய்தார். 1969-ல் நாடு முழுதும் சுற்றி, இப்படி ஜனங்களைக் கொண்டுபோய்க் கொட்டிய இடங்களைப் பார்த்து, ‘எறியப்பட்ட மக்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகமாக்கினார். 1971-ல் சர்க்கார் அவரை வீட்டுக்காவலில் வைத்தது. மூட்டை தூக்கியதற்காக யாரும் அவரைக் காவலில் வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆயினும் இந்தக் கதையைத் திருச்சபையின் வெற்றிக் கதையாகச் சொல்லிவிடுவது சரியல்ல. தென்னாப்பிரிக்க மேற்றிராணிமார்கள் 1957-லேயே, இன ஒதுக்கல் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று கூட்டறிக்கை விட்டார்கள். அதே அறிக்கையில், தங்கள் சொந்தப் பள்ளிகளிலும் மடங்களிலும் குருமடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் அந்த ஒதுக்கல் நடைமுறையில் இருக்கிறதென்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டது பெரிய காரியம். மாற்றிக்கொள்ள வருஷங்கள் பிடித்தன. கன்னியர் நடத்திய வெள்ளையர் பள்ளிகள் கறுப்பர் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கத் தொடங்கியது 1976-ல். இடையில் போன 19 வருஷத்தில் ஒரு பிள்ளை பிறந்து, படிக்கும் வயதைத் தாண்டியே போய்விடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் ஏழைகளுக்காக விழுந்த பணம் எங்கேயிருந்து வந்தது? குறைந்த கூலிக்கு வீட்டுவேலை செய்த கறுப்புப் பெண்ணின் எஜமானியிடமிருந்தும் வந்தது. அந்தப் பெண்ணின் பிள்ளைகள் நூறு மைல் தூரத்தில் பாட்டியிடம் வளர்ந்தார்கள். எஜமானி பக்தியுள்ளவளாகவும் இரக்கமுள்ளவளாகவுமே இருந்திருக்கலாம். ஏழைக்குக் கொடுப்பது உன்னுடையதல்ல, அவனுடையதையே திருப்பிக் கொடுக்கிறாய் என்று அர்ச். அம்புரோசியார் போதித்தது பிரசங்கிகளின் மிகைப்பேச்சு என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். அந்த வீட்டில் அது சாதாரணக் கணக்கு. மாதக் கூலியில் நிறுத்திக்கொண்ட காசு, தட்டு வழியாகச் சுற்றி, மாவுப் பொட்டலமாகப் பாட்டி வீட்டுக்குப் போயிற்று. போகும் வழியில் அதற்குத் ‘தர்மம்’ என்று பெயர் மாறியதுதான் விசேஷம்.

தமிழ் வாசகர்களாகிய நமக்கு இது அந்நியர் கதையும் அல்ல. 1860 நவம்பர் 16-ந் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் போனவர்களிலும் பின்னால் போனவர்களிலும் நம் ஊர்க் கத்தோலிக்கரும் உண்டு. அமலோற்பவ மரி சபையைச் சேர்ந்த சபோன் சுவாமி என்ற பிரெஞ்சுக் குரு அவர்கள் மத்தியில் ஊழியம் செய்தார். 1950-ம் வருஷத்துக் குடியிருப்புச் சட்டம் வந்தபோது அவர்கள் பேரப்பிள்ளைகளும் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் தாங்கள் கட்டிய வீடுகளை விட்டு, சாட்ஸ்வொர்த்துக்கு மூட்டை கட்டினார்கள்.

இப்பொழுது அந்தச் சட்டங்கள் இல்லை. நிலச் சட்டமும் குடியிருப்புச் சட்டமும் 1991-ல் நீக்கப்பட்டன; 1994-ல் எல்லாரும் வாக்களித்தார்கள். கள்வருடைய சாவடி இடிந்தது. காயப்பட்டவர்கள் மட்டும் இன்னும் வழியிலேயே கிடக்கிறார்கள். எயிட்ஸ் நோய் பெற்றோரை வாரிக்கொண்டுபோன வருஷங்களில் ஒரு பாட்டியின் முதியோர் பென்ஷனில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்ட வீடுகள் ஏராளம். ஏழைப் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை கொடுக்கும் திட்டத்தை அரசாங்கம் 1998-ல் தொடங்கியது. இன்று ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் பிள்ளைகளுக்கு அது போய்ச் சேருகிறது; எந்தக் கோயிலாலும் முடியாத காரியம். ஆனால் 2024 ஏப்ரலில் அந்தத் தொகை பிள்ளைக்கு 530 ராண்ட். அதே வருஷத்தில், ஒரு ஆள் ஒரு மாதம் உடல் தேறும் அளவுக்கு உண்ண வேண்டிய குறைந்த செலவு என்று அரசாங்கப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது 796 ராண்ட். நடுவில் 266 ராண்ட் பள்ளம். பங்குகளில் கொடுக்கும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் அவரையும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகின்றன.

ஆகவே கேள்வி வேறு உடுப்பில் திரும்பி வருகிறது. கோயில் இந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டே போனால், அரசாங்கம் அதை மூடாமலே இருந்துவிடுமோ? ஒரு பங்கின் மாவுப் பொட்டலங்களைப் பார்த்து எந்த மந்திரியும் வரவுசெலவுத் திட்டத்தைக் குறைப்பதில்லை; அந்தப் பயம் பெரும்பாலும் கொடுக்க மனமில்லாதவர்களின் பயம் என்பது என் அபிப்பிராயம். கெட்டுப்போகிறது வேறொன்று: கொடுக்கிறவனுடைய அறிவு. வாரந்தோறும் பொட்டலம் கட்டியே பழகினவனுக்கு 530-க்கும் 796-க்கும் உள்ள தூரம் மனதில் படுவதில்லை. வந்தவர்கள் எத்தனை பேர், பொட்டலம் எத்தனை என்று எண்ணுவதோடு அவன் கணக்கு முடிந்துவிடுகிறது.

வாங்குகிறவரைப் பற்றிய தவறான எண்ணமும் இந்தப் பழக்கத்தில் வளருகிறது. ‘கொடுத்துக் கொடுத்துச் சோம்பேறியாக்குகிறோம்’ என்று பங்குக் கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த நாட்டு ஏழை ஜனங்களிடையே ‘ஸ்டாக்வெல்’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. நம் ஊர்ச் சீட்டேதான். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து எடுத்துக்கொள்ளுகிறார்கள், அல்லது டிசம்பரில் பங்கிட்டுக்கொள்ளுகிறார்கள். சாவுச் செலவுக்கென்றே தனிச் சங்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்கு வேலை கிடைத்தால் அவன் சம்பளத்தில் தம்பியின் பள்ளிச் செலவும் அத்தையின் மருந்தும் அடங்கும். பிரசங்கம் கேட்டு அவர்கள் இதைப் படிக்கவில்லை. இப்படிப்பட்ட குடும்பத்தின் வாசலில் பொட்டலத்தோடு நிற்கிறவர், தானே முதன்முதலாகத் தர்மத்தைக் கொண்டுவந்தவர்போல் நிற்கக்கூடாது.

டர்பனில் எம்மானுவேல் பேராலயத்தின் அருகில், அதிமேற்றிராணியார் ஹர்லியின் பெயரால் 2015-ல் ஒரு இல்லம் திறக்கப்பட்டது. வீடற்றோர்க்கு உணவும், வைத்தியமும், அகதிகளுக்கு உதவியும் அங்கே நடக்கின்றன. பிற மதத்தவரும் சேர்ந்து உழைக்கிறார்கள். வீடற்றவர்களைப் பட்டணம் எப்படி நடத்துகிறது என்பதைப்பற்றி நகரசபையோடு வாதாடுவதும் அந்த வீட்டு வேலைகளில் ஒன்று. சோறு போடுகிற இடத்திலேயே இந்த வழக்கும் நடப்பது சிலருக்குப் பிடிப்பதில்லை. சமையலறையில் அரசியல் எதற்கு என்கிறார்கள். 1968-லும் இதையே கேட்டார்கள்.

எல்லாவற்றிலும் கஷ்டமான பாகம் நிலந்தான். பறிபோன நிலத்தைத் திரும்பக் கேட்க 1994-ல் சட்டம் வந்தது. கேட்க வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்பொழுதும் வெள்ளைப் பண்ணைக்காரராகவே இருப்பதில்லை; பழைய மிஷன் நிலங்களில் திருச்சபையே சொந்தக்காரராக உட்கார்ந்திருக்கிறது. அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குத் தலைப்பெருநாளில் மாவும் சர்க்கரையும் கொடுப்பதா, அல்லது அந்த நிலத்தைப் பத்திரம் எழுதிக் கொடுப்பதா? முந்தியதற்கு ஒரு சாயங்காலமும் நாலு தொண்டர்களும் போதும். பிந்தியதற்கு வக்கீல், சர்வே, சபைத் தலைவர்களின் சம்மதம், வருஷக்கணக்கான கடிதப் போக்குவரத்து எல்லாம் வேண்டும். முடிவில் நன்றி சொல்ல யாரும் வரிசையில் நிற்கவும் மாட்டார்கள்.