ஐயம் இல்லாத குறிப்பேடுகள்

செமஸ்டர் தேர்வு நெருங்கும்போது பொறியியல் மாணவர்களின் கைகளிலிருந்து புத்தகங்கள் போய்க் குறிப்புகள் வந்துவிடுகின்றன. ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கியது, சீனியர் கைமாற்றிவிட்டுப் போனது, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த பிடிஎஃப் என்று வடிவம் எதுவானாலும் உள்ளே இருப்பது ஏறத்தாழ ஒன்றுதான். யூனிட் வாரியாக டூ மார்க் கேள்வி பதில்கள், அடிக்கடி வரும் பெரிய கேள்விகள், சூத்திரங்கள், போட்டுக் காட்டிய கணக்குகள். இவற்றில் மூன்று பாடங்களின் குறிப்புகள் என்னை வெகுகாலமாகக் கவலைப்பட வைக்கின்றன: டிஜிட்டல் லாஜிக், புள்ளியியல், ஆங்கில இலக்கணம்.

துறைகளால் தொடர்பில்லாத இந்த மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எதிலிருந்து எது பெறப்படும் என்று பார்க்க முதலாவது பழக்குகிறது. கையிலிருக்கும் சிறிதளவு சான்றை வைத்து எவ்வளவு தூரம் உறுதியாகப் பேசலாம் என்பதை இரண்டாவது கற்பிக்கிறது. நினைத்ததையே கேட்பவரும் புரிந்துகொள்ளும்படி சொல்வதற்கு மூன்றாவது. மூன்றுமே மனத்தின் பழக்கங்கள். பழக்கத்தைச் சுருக்கி எழுதிக் கையில் கொடுக்க முடியாது. முடியும் என்று நம்பிக்கொண்டு நாம் ஆண்டுதோறும் ஒரு தலைமுறையைத் தேர்வறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

லாஜிக் சுற்றுகளைச் சுருக்க உதவும் கார்னா வரைபடத்தை, அதாவது கே-மேப்பை, எடுத்துக்கொள்வோம். டிஜிட்டல் பாடம் படித்தவர்கள் யாரும் கே-மேப்பை மறந்திருக்கமாட்டார்கள். பெரும்பாலான குறிப்புகளில் அதைப் பற்றிய முதல் வரியே ஒரு கட்டளை: கட்டங்களின் தலைப்பில் 00, 01, 11, 10 என்ற வரிசையில் எழுதுக. எண்ணும் முறைப்படி 01க்கு அடுத்து 10 அல்லவா வரவேண்டும், 11 ஏன் முந்திக்கொள்கிறது? இந்தக் கேள்வி எழாத மாணவர் அபூர்வம். ஆனால் குறிப்பில் அதற்கு இடமில்லை. வரிசையை மாற்றி எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்ற எச்சரிக்கை மட்டும் அடிக்கோடிட்டு இருக்கும்.

அந்த வரிசைக்குள்தான் வரைபடத்தின் உயிர் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே ஒரு மாறியில் மட்டும் வேறுபட வேண்டும். அப்படி அமைந்தால், இரண்டு கட்டங்களையும் சேர்க்கும்போது அந்த மாறி ஒரு கட்டத்தில் நேராகவும் மற்றதில் எதிர்மறையாகவும் நிற்கும். இரண்டின் கூட்டல் ஒன்று. ஆகவே அந்த மாறி கழன்று விழுந்துவிடும். 01க்குப் பக்கத்தில் 10ஐ வைத்தால் ஒரே நேரத்தில் இரண்டு இலக்கங்கள் மாறுகின்றன, எதுவும் கழலாது. இதே காரணத்தால்தான் இடது ஓரமும் வலது ஓரமும் அண்டை வீடுகளாகின்றன. இதைப் புரிந்துகொள்ளச் சுமார் பத்து நிமிடம் ஆகும். புரிந்தபின் வரிசையை மனப்பாடம் செய்யவே தேவையில்லை, மறந்தாலும் தானே வருவித்துக்கொள்ளலாம். குறிப்பு அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி ஒரு கட்டளையைக் கையில் கொடுக்கிறது. மாணவர் அதை நான்காண்டும் சுமக்கிறார்.

இந்தப் பாடத்தின் வரலாறும் குறிப்புகளில் இல்லை. முறையான உயர்கல்வி பெறாமல் பெரும்பாலும் தானே படித்து முன்னேறியவர் ஜார்ஜ் பூல். செருப்புத் தைப்பவரின் மகன். சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுத முடியும் என்று 1854இல் வந்த தம் நூலில் காட்டினார். 80க்கும் மேற்பட்ட ஆண்டுகள் அது பெரும்பாலும் தத்துவக்காரர்களின் பொருளாகவே கிடந்தது. 1937இல் எம்ஐடியில் முதுகலை ஆய்வேடு எழுதிய கிளாட் ஷானன் என்ற மாணவர், ரிலே சுவிட்சுகளின் திறப்பும் மூடலும் அதே இயற்கணிதத்துக்குக் கட்டுப்படுகின்றன என்று கண்டார். 1953இல் பெல் ஆய்வகத்தின் மாரிஸ் கார்னா, சுற்றுகளைச் சுருக்குவதைக் கண்ணால் பார்த்துச் செய்ய வழி கொடுத்தார். இன்று சுற்றைச் சுருக்கும் வேலையை மென்பொருள் செய்துவிடுகிறது. ஆகவே கே-மேப்பைப் பாடத்தில் வைத்திருப்பதற்கு இருக்கும் ஒரே நல்ல காரணம், அண்மை என்றால் என்ன, கழலுதல் என்றால் என்ன என்று மாணவரின் கண்ணுக்குப் பழக்குவதுதான். அந்தக் காரணத்தை நீக்கிவிட்டு மிச்சத்தைக் கற்பிப்பதில் யாருக்கு என்ன பயன்?

புள்ளியியலில் நிலைமை இன்னும் வருந்தத்தக்கது, ஏனென்றால் அங்கே தவறாகப் புரிந்துகொண்டவர் பிற்காலத்தில் மருந்தைப் பற்றியும் தேர்தலைப் பற்றியும் நிறையப் பேர் நம்பும்படி தவறாகப் பேசக்கூடும். மாதிரியின் அளவு 30க்குக் கீழே இருந்தால் டி-டெஸ்ட், மேலே போனால் இசட்-டெஸ்ட் என்று குறிப்புகள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன. 30 என்பது வசதிக்காக வைத்த எல்லை. முழுத் தொகுதியின் திட்ட விலக்கம் நமக்குத் தெரியாமல், கையிலுள்ள சின்ன மாதிரியிலிருந்தே அதையும் மதிப்பிட வேண்டியிருப்பதுதான் உண்மைக் காரணம். அந்த மதிப்பீட்டிலேயே பிழை இருக்கும், அதற்கும் சேர்த்து நாம் அடக்கமாகப் பேச வேண்டும். மாதிரி பெரிதாகப் பெரிதாக அந்தக் கூடுதல் அடக்கத்துக்குத் தேவை குறைந்துகொண்டே போகிறது.

டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட்டுக்கு இது ஏட்டுச் சிக்கலாக வரவில்லை. வாற்கோதுமைச் சோதனைகளில் அவருக்குக் கிடைத்தவை ஒருசில அளவுகளே. அதற்குமேல் சோதனை நடத்த வாய்ப்பில்லை, முடிவோ சொல்லியாக வேண்டும். தம் கணிப்பைச் சரிபார்க்க அவர் செய்ததை மாணவர்கள் அறிய வேண்டும். வேறொருவர் வெளியிட்டிருந்த 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் 3000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்து, நான்கு நான்காக எடுத்து 750 மாதிரிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தார். கணினி இல்லாத காலம் அது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்று ஆலையில் தடை இருந்ததால், 1908இல் கட்டுரை ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வந்தது. நம் குறிப்புகளில் மிஞ்சியிருப்பது அந்தப் பெயரும் ஒரு சூத்திரமும். 3000 அட்டைகளைக் கலைத்த கை அங்கே இல்லை.

இன்னொரு நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்தது. 1940களில் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இளம் வயது சி. ஆர். ராவ் மதிப்பீட்டுக் கோட்பாடு பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். மிகப் பெரிய மாதிரிகளுக்குப் பொருந்தும், புள்ளியியலாளர் ஃபிஷரின் ஒரு முடிவை அவர் விளக்கியபோது, சிறிய மாதிரிகளுக்கும் இதை நிறுவ முடியாதா என்று ஒரு மாணவர் கேட்டார். ராவிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போய் இரவெல்லாம் உழைத்து மறுநாள் வகுப்பில் நிறுவிக் காட்டினார். 1945இல் அச்சேறிய அந்த முடிவு இன்று கிராமர்–ராவ் என்ற பெயரில் உலகம் முழுவதும் பாடமாக இருக்கிறது. கேள்வி கேட்ட மாணவர் வி. எம். தாண்டேகர், இந்திய வறுமையைப் பற்றிய ஆய்வுக்காகப் பிற்காலத்தில் பொருளியலில் புகழ்பெற்றவர். அந்த வகுப்பில் தயாரான குறிப்பு முன்கூட்டியே வழங்கப்பட்டிருந்தால் தாண்டேகர் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இன்றைய குறிப்பில் அந்த முடிவுக்கு இரண்டு மதிப்பெண்: கிராமர்–ராவ் சமனிலியைக் கூறுக.

ஆங்கில இலக்கணத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லோரும் பட்டது. உயிரெழுத்துக்கு முன் ‘ஆன்’ போடுக என்று குறிப்பு சொல்கிறது. அதை நம்பும் மாணவர் தம் டிஜிட்டல் ரெக்கார்டு நோட்டில் ‘ஆன் யுனிவர்சல் கேட்’ என்றும் ‘எ எக்ஸ்-ஆர் கேட்’ என்றும் எழுதுகிறார். விதி எழுத்தைப் பற்றியதே இல்லை, ஒலியைப் பற்றியது. ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருந்தால் நாக்கே திருத்தியிருக்கும். செயப்பாட்டு வினையும் இப்படித்தான். எழுவாயையும் செயப்படுபொருளையும் இடம் மாற்றும் அட்டவணை தலைகீழாகத் தெரியும். பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது என்று சொல்லும்போது, திறந்தவர் யார் என்பது அந்த வாக்கியத்துக்கு வேண்டாததால்தான் அந்த வடிவம் வருகிறது என்பது தெரியாது. தமிழில் பேசும்போது நாம் எல்லோரும் அறிந்து செய்கிற தேர்வு அது. ஆங்கிலத்துக்குப் போனதும் அட்டவணையாகிவிடுகிறது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்துக்கு விடைப் புத்தகமும் தனியாகக் கடைகளில் கிடைக்கிறது. பயிற்சி செய்யும் அந்த ஒரு வேலைக்கும் அத்துடன் விடுப்பு.

குறிப்புகளை நம்பியிருப்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிக்கும் பிள்ளைக்கு, மாரிஸ் மேனோவின் டிஜிட்டல் புத்தகம் முதல் பக்கத்திலேயே இரண்டு பாடங்களாக எதிரில் நிற்கிறது: லாஜிக் ஒன்று, ஆங்கிலம் ஒன்று. அந்தப் பிள்ளையை அரியர் இல்லாமல் கரையேற்றியது இந்தக் குறிப்புதான். அதை எழுதித் தந்த சீனியரும் வகுப்புகளுக்கிடையே மூச்சு வாங்கும் ஆசிரியரும் நல்லெண்ணத்தால் தந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்மைக்காலத் தேர்வு முறையில் 100 மதிப்பெண்ணில் 20 மதிப்பெண் பத்து இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கு. ஐந்து 13 மதிப்பெண் கேள்விகளுக்கு 65. மீதி 15 ஒரே ஒரு கேள்விக்கு. கேள்விகள் பழைய வினாத்தாள்களையே சுற்றிச் சுற்றி வரும்வரை, குறிப்பைப் படிப்பதுதான் அறிவுள்ள செயல். மாணவர் தேர்வை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறார்.

மனப்பாடமே கெடுதல் என்று சொல்பவர்களுடனும் நான் உடன்படவில்லை. நம் மரபு மனப்பாடத்தின் மேல் கட்டப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், மனத்தில் நிற்பதற்கென்றே இறுக்கிய நூற்பாக்களால் ஆனது. அதுவும் ஒருவகையில் மாணவருக்கான குறிப்புதான். ஆனால் நூற்பா ஒருநாளும் தனியே கொடுக்கப்படவில்லை. கூடவே உரை வந்தது. காண்டிகையுரை என்னும் சுருக்கமான உரை எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூலின் பாயிரமே சொல்கிறது: கருத்து, சொற்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்ற ஐந்தும் வேண்டும். வினா என்பது அங்கே தேர்வு வைப்பவர் கேட்பதல்ல; படிப்பவர் மனத்தில் எழக்கூடிய ஐயத்தை உரைகாரர் முன்கூட்டி உணர்ந்து எழுப்புவது. இன்றைய குறிப்பிலும் பக்கத்துக்குப் பக்கம் கேள்வி இருக்கிறது. ஐயம் மட்டும் இல்லை.

அதே பாயிரம் கல்வியைப் பங்கு பிரித்தும் காட்டுகிறது. ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால்பங்கு. உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப்பங்கு சேரும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் வகுப்பில் முதலாவதாக வரும் மாணவி தன் கையெழுத்தில் எழுதிய குறிப்பு ஏன் அவளுக்கு மட்டும் அவ்வளவு பயன்பட்டது என்பது விளங்கும். தோழிகளுக்குப் புரியவேண்டுமே என்று யோசித்து எழுதியதால் அந்த அரைப்பங்கு அவளுக்குக் கிடைத்தது. நகல் எடுத்துப் படித்தவர்களுக்கு ஆசிரியரின் கால்பங்கில் ஒரு துண்டு. இன்று ஒரு செயலியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் இந்த மூன்று பாடங்களுக்கும் அழகான குறிப்பு தயாராகிவிடும். அப்போது எழுதியவளும் இல்லை. அரைப்பங்கு யாருக்கும் சேராமல் போகிறது.

மாணவர்களுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. குறிப்பைத் தூக்கிப்போட வேண்டாம். அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அங்கே உங்கள் ஐயத்தை உங்கள் மொழியில், தமிழிலேயே எழுதுங்கள். ஏன் 11 முந்துகிறது, 30க்கு என்ன விசேஷம் என்று. எழுதியதை அறைத்தோழரிடம் கேளுங்கள். விடை கிடைத்தால் மூன்றாவது ஒருவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டு மதிப்பெண் கேள்விகள் பத்தில் இரண்டையாவது, புழக்கத்தில் இருக்கும் எந்தக் குறிப்பிலும் இல்லாத ‘ஏன்’ கேள்விகளாகக் கேளுங்கள். விடையைத் தமிழில் எழுதினாலும் சரியாக இருந்தால் மதிப்பெண் கொடுங்கள். பணயமாகப் போவது 100இல் 4 மதிப்பெண்தான். அடுத்த ஆண்டு வரும் குறிப்புகளில் அந்தக் கேள்விகளுக்கும் பதில் இருக்கும். அப்போது வேறு இரண்டு கேளுங்கள்.