தச்சருக்கு நாம் பட்ட கடன்

நம் பங்கைச் சேர்ந்த வயதான தச்சர் ஒருவரைச் சென்ற வாரம் அடக்கம் செய்தோம். 1971-ஆம் ஆண்டு யுத்தத்தில் பட்டாளத்தில் இருந்தவர். ஊர் திரும்பியபின் உளி பிடித்தே பெண்சாதி பிள்ளைகளைக் காப்பாற்றினார். கல்லறையருகே யாவரும் அவருடைய மெடலைப் பற்றியே பேசினார்கள். ஆனால் எது பெரிது? யுத்தத்தில் தைரியம் சில நாள்தான் வேண்டியிருந்தது; வேலையிலும் வீட்டிலும் பிரமாணிக்கம் நாள்தோறும் வேண்டியிருந்தது.

அர்ச். சூசையப்பரைப் பாருங்கள். அவர் பேசிய ஒரு வார்த்தைகூடச் சுவிசேஷத்தில் இல்லை. கைவேலையால் திருக்குடும்பத்தைப் போஷித்தார். அவரையே 9-ம் பத்திநாதர் 1870-ல் திருச்சபை முழுமைக்கும் பாதுகாவலராக்கினார். 12-ம் பத்திநாதர் 1955-ல் மே முதல் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.

மரித்தவரைப் புகழ்வது சுலபம். அவர் செய்த கதவு நம் வீட்டில் இன்னும் அசையாமல் நிற்கிறது. அதற்குரிய கூலியை முழுதும் கொடுத்தோமா? வேலையாளின் கூலியை வஞ்சிப்பது தேவ பழியைக் கூவி அழைக்கும் நான்கு பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசம் போதிக்கிறது. பாக்கி வைத்தவர்கள் அதை இன்றே அவருடைய விதவையின் கையில் சேர்ப்பியுங்கள். பிறகு அவருடைய ஆத்துமத்திற்காக ஒரு பரலோக மந்திரமும் ஒரு அருள்நிறை மந்திரமும் வேண்டிக்கொள்ளுங்கள்.