பழுதுபார்த்த தோணி பழைய தோணிதானா?

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஒடுங்கி நீளும் எழுவான்கரையின் மணல் நிலத்தில் அமைந்த பெரியகல்லாறு போன்ற ஊர்களில், மேற்கே வாவியில் வலை வீசப் போகும் தோணியும் கிழக்கே கடலில் இறங்கும் வள்ளமும் கைமாறுவதும், ஒட்டுப்போட்டுத் திருத்தப்படுவதும், உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி ஊர்விட்டு ஊர் போவதும் வழமையான காரியங்கள். பலகையும் பாயும் மாறி, பெயரும் உரியவரும் மாறிய பின்னர் நிற்கும் கலம் பழைய கலந்தானா என்னும் கேள்வி விலை பேசுமிடத்துக்கு மட்டும் உரியதுபோலத் தோன்றினாலும், மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு பொருளை எதைக் கொண்டு ‘அதுவே இது’ என்கிறோம் என்னும் மெய்யியல் வினா அதற்குள் அடங்கியிருக்கிறது.

இவ்வினாவுக்கு மேலைநாட்டார் காட்டும் பழைய எடுத்துக்காட்டும் ஒரு கலமே. வீரன் தீசியசின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்சு மக்கள் உளுத்த பலகைகளுக்குப் பதிலாகப் புதியன பொருத்திப் பல தலைமுறை பேணினர் என்றும், அது அதே கப்பல் என்றும் அன்று என்றும் அறிஞர் இரு அணியாகப் பிரிந்தனர் என்றும் பண்டைக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலாளர் தாமசு ஹொப்சு இதை மேலும் சிக்கலாக்கினார்: கழற்றிய பழம் பலகைகளை ஒருவன் ஒன்றுவிடாமற் சேர்த்துவைத்து, அதே ஒழுங்கில் இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியசினுடையது என்று அவர் கேட்டார்.

இந்திய மரபில் இக்கேள்விக்கு விடைகள் பல உண்டு. உறுப்புகளின் வேறான முழுமை ஒன்று உண்டென்றும், அது சமவாயம் என்னும் பிரிக்கவியலாத தொடர்பால் உறுப்புகளில் தங்குகிறதென்றும் வைசேடிகர் கொண்டனர். ஆதலின் ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றுகிறது என்று அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பலகை மாற்றினால் வேறு தோணி என்னும் இவ்விடை தருக்கத்தில் பழுதற்றதே எனினும், எந்தத் தச்சனும் எந்த மீனவனும் ஏற்கக்கூடியதன்று. பௌத்தரோ முழுமை என ஒன்று இல்லவே இல்லை என்றனர். மிலிந்த மன்னருக்குப் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைக் காட்டி, சில்லும் அச்சும் நுகமும் தனித்தனியே தேரல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் இல்லை, தேர் என்பது அவற்றின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே என்று விளக்கினார். இது கூர்மையான விடை. ஆனால் ஒரு பெயர் எப்போது தகுதியாக வழங்குகிறது, எப்போது ஏமாற்றாகிறது என்பதை அறியப் பழங்கலம் வாங்குவோருக்கு இது மட்டும் போதாது.

பலகைக் கலத்துக்கு எழுந்த இவ்விவாதம் கண்ணாடி இழைக் கலத்தில், அதாவது ஊரார் பைபர் தோணி என்பதில், இன்னொரு திருப்பத்தை அடைகிறது. அதற்கு வங்கும் பலகையுமாகப் பிரித்தெடுக்கும் உறுப்புகள் இல்லை. அச்சில் இழைப் பாயை விரித்து ரெசின் ஊற்றி இறுகச் செய்த ஒரே ஓடு அது. வெடித்த இடத்தை வெட்டி, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புதிய இழையைப் படலம் படலமாக ஒட்டும்போது பழையதும் புதியதும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பொருள் மாறினும் வடிவமே கலத்தை அதுவாக வைத்திருக்கிறது என்போரும் இங்கு இடறுகின்றனர், ஏனெனில் ஓர் அச்சிலிருந்து வார்த்த தோணிகள் எல்லாவற்றுக்கும் வடிவம் ஒன்றே. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக் கடற்கோளின் பின்னர் கிழக்குக் கரையில் வழங்கப்பட்ட ஒரே மாதிரியான தோணிகளை வேறுபடுத்தியவை மீன்பிடித் திணைக்களத்தின் பதிவெண்ணும், உரியவர் பூசிய நிறமும், எழுதிய பெயருமே. போட்டிப் பாய்ப்படகுகளிலும் இதுவே நிலை: 1962இல் பாரி பக்னெல்லும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த, ஒட்டுப்பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து ரெசினால் மூட்டும் மிரர் டிங்கி என்னும் சிறுகலத்தின் வரிசை எண் பாயிலும் எழுதப்படுகிறது, பாய் கிழிந்து புதுப்பாய் கட்டினாலும் எண் மாறுவதில்லை. எண் அடையாளத்தைக் காட்டுவதேயன்றி, அடையாளத்தை உண்டாக்குவதன்று.

சைவ சித்தாந்தம் இதை வேறு பக்கத்திலிருந்து அணுகுகிறது. ஒரு காரியத்துக்கு மூன்று காரணங்கள் வேண்டும்: மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். தீசியசின் கப்பல் பற்றிய வழக்கில் மரமும் வடிவமும் எடைபோடப்பட்டனவேயன்றி, அதைப் பேணியவர், அதாவது நிமித்த காரணமாக நின்றவர், பெரும்பாலும் மறக்கப்பட்டார். அவரைக் கணக்கில் எடுக்கும் முறையைக் கோயில் திருப்பணியிற் காணலாம். சீர்கெட்ட ஆலயத்தைப் புதுப்பிக்கும் சீரணோத்தாரணத்தில், மூலமூர்த்தியில் விளங்கும் தெய்வ ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் கிரியையால் கும்பத்துக்கு மாற்றப்பட்டு, பாலாலயம் எனப்படும் இளங்கோயிலில் வைத்து வழிபடப்படுகிறது. வேலை முடிந்தபின் அது மீண்டும் மூர்த்திக்குச் சேர்க்கப்படுகிறது. கல்லும் சுதையும் வண்ணமும் மாறும் நாட்களில் பூசை நிற்பதில்லை. அதனால்தான் கோயில் அதே கோயிலாகிறது.

கும்பாபிடேகத்தை நால்வகையாகப் பிரித்ததிலேயே இந்நுட்பம் தெளிவாகத் தெரிகிறது. புதிதாகக் கட்டிய கோயிலுக்குச் செய்வது ஆவர்த்தம். பூசையின்றி நெடுங்காலம் கைவிடப்பட்டதை மீளமைத்துச் செய்வது அனாவர்த்தம். பாலாலயம் அமைத்துப் பழுதுபார்த்துச் செய்வது புனராவர்த்தம். களவு முதலிய தீங்கு நேர்ந்தபோது தூய்மை கருதிச் செய்வது அந்தரிதம். இடிந்த கோயிலின் பழங்கற்களையே அடுக்கினாலும், பூசை அறுந்திருந்தால் அது புனராவர்த்தம் ஆகாது என்பது இதன் உட்பொருள். தோணிக்குச் சடங்கு வேண்டும் என்பதன்று இங்கு கருத்து. தொடர்ச்சியை மரத்திலன்றிப் பேணுதலில் வைத்தார்கள் என்பதே கருத்து.

இவ்வளவுகோலை ஈழத்தின் பெயர்பெற்ற பழைய பாய்க்கப்பல் ஒன்றில் வைத்துப் பார்க்கலாம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணியை அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கி, புளோரன்ஸ் சி. ராபின்சன் எனப் பெயர் மாற்ற, அது வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் புறப்பட்டு 1938இல் மசாசூசெட்சின் குளொஸ்டர் துறையை அடைந்தது. பெயரும் உரியவரும் மாறியும் அது அன்னபூரணியே என்று சொல்ல முடிவது, கட்டிய ஊரின் கைகளே கடலிலும் அதைப் பேணிச் சென்றதனால்தான். இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு: பெரியகல்லாற்றுக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் மறைந்த யாழ்களை இலக்கியச் சான்றும் கணிதமும் கொண்டு மீட்டமைத்தார். பழைய மரம் ஒரு துண்டும் எஞ்சவில்லை, வாசிப்பும் அறுந்திருந்தது. அது மாபெரும் பணியாயினும் பழுதுபார்த்தல் அன்று, ஆவர்த்தமே.

இவ்வகையில் நோக்கினால் ஹொப்சின் வழக்கும் தீர்கிறது. ஒரு நாளும் ஓட்டமும் பராமரிப்பும் நிற்காமல் பலகை மாறிய கலமே தீசியசினுடையது. கழற்றிய பலகைகளாற் கட்டியது, மரம் எவ்வளவு பழையதாயினும், புதுக்கலம். மரநிழலில் ஆண்டுக்கணக்கிற் கவிழ்ந்து கிடந்த தோணியை எடுத்து, வெடிப்பு அடைத்து, பாய்மரம் நிறுத்திக் கடலுக்கு அனுப்புவது அனாவர்த்தத்தின் இனத்தது. அதை விற்பவர் ‘நெடுநாள் கிடந்தது, நான் எடுத்துக் கட்டினேன்’ என்று சொல்லியே விற்க வேண்டும்.