கை மாறிய கொடுங்கோல்

2022 செப்டம்பர் 16 அன்று டெஹ்ரான் மருத்துவமனை ஒன்றில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் உயிரிழந்தார். தலைத்துணியை முறைப்படி அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் அவரைப் பிடித்துச் சென்று மூன்று நாள் ஆகியிருந்தது. உடல்நலக் குறைவு என்றது அரசு; அடித்தார்கள் என்றது குடும்பம். ஈரான் முழுவதும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். சமய நெறியைக் காக்க அரசு தடி எடுக்கலாமா? கூடாது. எடுத்த கணமே அந்த நெறி அறத்தை இழந்துவிடுகிறது. எந்தக் கொடுங்கோலை ஒழிக்கக் கிளம்பியதோ, அதுவாகவே ஆகிவிடுகிறது.

ஈரானின் வரலாறே இதற்குச் சான்று. 1936இல் மன்னர் ரேசா ஷா முக்காட்டுக்குத் தடை விதித்தார். போலீசார் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பறித்தனர். 1979இல் முடியாட்சி வீழ்ந்து மதகுருமாரின் ஆட்சி வந்தது. 1983இல் வந்த சட்டமோ தலை மூடாத பெண்ணுக்கு 74 கசையடி வரை தண்டனை என்றது. ஆணை தலைகீழானது, ஆணையிடும் ஆணவம் அப்படியே நின்றது. தலைத்துணியில் மட்டுமல்ல: ரேசா ஷாவுக்குப் பின் ஷாவான அவர் மகன் 1957இல் சாவாக் உளவுப்படையை அமைத்தார், 1975இல் ஒரே கட்சி போதும் என்றார். இன்று தேர்தல் நடக்கிறது. ஆனால் யார் போட்டியிடலாம் என்பதைப் பன்னிருவர் கொண்ட காவலர் மன்றம் முடிவு செய்கிறது. ஷா காலத்து எவின் சிறையை மதகுருமாரின் அரசு மூடவில்லை, நிரப்பியது. 1988இல் நாட்டின் சிறைகளில் அரசியல் கைதிகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். நம் காப்பியத்திலோ சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவள் மணிமேகலை. துறவின் பெருமை அங்கே விளங்கியது.

மதகுருமார் கொடுங்கோலை எதிர்த்தவர்கள் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான், 1891இல் புகையிலை ஏகபோகத்தை எதிர்த்து அவர்கள் எழுந்தபோது மன்னரே பணிந்தார். அன்று அவர்கள் அரியணைக்கு வெளியே நின்றார்கள் என்பதை மறக்கலாகாது. அரியணை ஏறியபின் கதை வேறு. ஷாவின் சிறையில் வாடிய ஆயத்துல்லா மொன்தசேரி, 1979 புரட்சியின் தலைவரான கொமெய்னியின் வாரிசாக அறிவிக்கப்பட்டிருந்தவர். 1988 கொலைகளைக் கண்டித்தார். மறு ஆண்டே அந்த இடத்தை இழந்தார். 1979இல் மக்களே வாக்களித்து ஏற்ற ஆட்சி என்பது இன்னொரு வாதம். ஒரு தலைமுறை போட்ட வாக்கு, அடுத்த தலைமுறையின் மனசாட்சிக்குப் பூட்டாக முடியாது.

குறளின் கொடுங்கோன்மை அதிகாரமும் வெருவந்த செய்யாமை அதிகாரமும் குடிகளை அஞ்சவைக்கும் ஆட்சி அழியும் என்றே எச்சரிக்கின்றன. எந்தச் சமயத்தின் பெயரால் அஞ்சவைத்தாலும் விலக்கு இல்லை. பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு சூழ்கிறான் என்று அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டு சொல்கிறது. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயமும் சமயத்தில் வற்புறுத்தலை விலக்குகிறது. தவறு உணர்ந்த நொடியில் உயிர் துறந்த பாண்டியனைச் சிலம்பு போற்றுகிறது. தவறே செய்யாதவர்களாகத் தம்மைக் கருதும் ஆட்சியாளருக்கு அந்த நாணம் வருவதில்லை. தெய்வத்தின் பெயரால் ஆள்பவரிடம் யார் கணக்குக் கேட்பது?

பக்தர்கள் அரசியலுக்கு வரட்டும். வாதிடட்டும், வாக்குக் கேட்கட்டும். நம்பிக்கையைச் சட்டமாக்கிப் பிறர் முதுகில் எழுத எவருக்கும் உரிமை இல்லை. தம் சமயத்தை மெய்யாக நேசிப்பவர்களே, அதன் கையில் தடியைக் கொடுக்க முதலில் மறுக்க வேண்டும்.